கொல்கத்தா–டாக்கா மைத்ரி எக்ஸ்பிரஸ்: எல்லையில் நின்ற மணி நேரங்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

கொல்கத்தாவிலிருந்து டாக்காவுக்கு ரயில் வழியில் ஏறத்தாழ 375 கிலோமீட்டர். மலை கிடையாது, சுரங்கம் கிடையாது. இரு பக்கமும் அதே அகலப்பாதை, பேசுவதும் அதே வங்காளம். அப்படியிருந்தும் 2008-ல் ஓடத் தொடங்கிய மைத்ரி எக்ஸ்பிரஸ், முதல் ஒன்பது ஆண்டுகளுக்குப் பயணியின் ஒரு பகலை முழுதாகத் தின்றது. 2017 நவம்பரில் பாஸ்போர்ட் சோதனையையும் சுங்கச் சோதனையையும் எல்லையிலிருந்து எடுத்து இரு முனை நிலையங்களுக்குக் கொண்டுபோனார்கள். அதற்காகத் தண்டவாளத்தில் ஒரு போல்ட்டைக்கூட மாற்றவில்லை. சுமார் 3 மணி நேரம் மிச்சமானது.

அந்த 3 மணி எங்கே போய்க்கொண்டிருந்தது, மிச்சம் பிடித்ததற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதே இந்த ஆய்வு. நாடு விட்டு நாடு போகும் ரயில் என்றதும் என்ஜின், பாதை, பாலம் என்றுதான் பேச்சு போகும். இந்த வண்டியைப் பொறுத்தவரை கணக்கு கவுன்ட்டரில் இருந்தது. (2024 ஜூலையில் வண்டி நின்றது; கீழே வருவதெல்லாம் அது ஓடியபோது இருந்த நடைமுறை.)

பழைய பாதை, புதிய வண்டி

பாதை புதிதல்ல. சியால்தாவிலிருந்து ராணாகாட் வரை 1862 செப்டம்பரில் ரயில் ஓடியது. அதே ஆண்டு நவம்பர் 15-ல் தர்ஷனாவுக்கும் ஜகதிக்கும் இடையே திறந்த பாதைதான் இன்றைய வங்கதேச மண்ணின் முதல் ரயில் பாதை. 1871-ல் அது பத்மா ஆற்றங்கரையிலுள்ள கோவாலந்தோ வரை நீண்டது. அங்கே இறங்கி நீராவிப் படகு ஏறினால் டாக்கா பக்கம் போகலாம். பிரிவினைக்குப் பிறகும் ஈஸ்ட் பெங்கால் எக்ஸ்பிரஸ், ஈஸ்ட் பெங்கால் மெயில், பரிசால் எக்ஸ்பிரஸ் என மூன்று வண்டிகள் எல்லை தாண்டி ஓடின. 1965 போரில் மூன்றும் நின்றன.

வங்கதேசம் பிறந்த பிறகு சரக்கு வண்டிகள் வரத் தொடங்கினாலும் பயணிகள் வண்டி வரவில்லை. 2001-ல் ஒப்பந்தம், 2007 ஜூலையில் சோதனை ஓட்டம், 2008 ஏப்ரல் 14 வங்காளப் புத்தாண்டு நாளில் முதல் மைத்ரி. இடையில் கழிந்தது 43 ஆண்டு.

வண்டி போகும் வழி: கொல்கத்தா நிலையம் (சித்பூரில் உள்ளது, ஹவுராவும் அல்ல, சியால்தாவும் அல்ல), நைஹாட்டி, ராணாகாட், இந்தியாவின் கடைசி நிலையமான கெதே. எல்லைக்கு அப்பால் தர்ஷனா, சுவாடாங்கா, போராதஹ, பத்மா மேல் ஹார்டிஞ்ச் பாலம், ஈஸ்வர்தி, உல்லாபாரா, ஜமுனா பாலம், டாங்காயில், ஜோய்தேப்பூர், முடிவில் டாக்கா கன்டோன்மென்ட். இந்தியப் பகுதி சுமார் 120 கிலோமீட்டர், மீதியெல்லாம் வங்கதேசம்.

எல்லையில் நடந்தது

பழைய முறையில் கெதேயில் வண்டி நிற்கும். பயணிகள் எல்லாரும் இறங்க வேண்டும், கைப்பெட்டி முதல் அரிசிப்பை வரை எல்லாச் சாமானோடும். பாஸ்போர்ட்டில் வெளியேறும் முத்திரை, பிறகு சுங்கம். காலிப் பெட்டிகளைக் காவலர்கள் சீட்டுக்கடியிலும் கழிப்பறைக் கூரையிலும் தேடுவார்கள். எல்லாரும் திரும்ப ஏறியதும் வண்டி சில கிலோமீட்டர் தள்ளி தர்ஷனா போய் நிற்கும். மறுபடி எல்லாரும் இறங்க வேண்டும், மறுபடி வரிசை. இந்த முறை உள்நுழையும் முத்திரை.

இதிலுள்ள கோளாறு அதிகாரிகளின் சுறுசுறுப்புப் பற்றியதல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். வண்டியில் 456 இருக்கை. எல்லாம் நிரம்பியிருக்கிறது, ஒரு பாஸ்போர்ட்டுக்கு 2 நிமிடம், 8 கவுன்ட்டர் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 456-ஐ 2-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 114 நிமிடம். இரண்டு பக்கத்துக்கும் 228 நிமிடம், அதாவது நாலு மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் குறைவு. சாமான் சோதனை இன்னும் சேரவில்லை. சின்ன எல்லை நிலையத்தில் 8 கவுன்ட்டர் என்பதே தாராளமான கற்பனை.

இன்னொன்றும் உண்டு. வரிசையில் முதலில் நின்றவருக்கு 2 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அவரும் கடைசி ஆளுக்காகக் காத்திருந்தே ஆகவேண்டும். ஒரே ஒருவர் விசாவில் சிக்கல் என்றாலும் 456 பேரும் பிளாட்பாரத்தில் நிற்பார்கள். என்ஜின் நிற்கும், குழுவினரின் பணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒற்றைப் பாதைப் பகுதிகளில் எதிரே வரும் வண்டியோடு கடக்க வேண்டிய நேரமும் தவறிப்போகும். ஒருமுறை தன் இடத்தை இழந்த வண்டி, வழி நெடுக உள்ளூர் வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே போகவேண்டும். எல்லையில் விட்ட ஒரு மணி, டாக்கா போய்ச் சேரும்போது ஒன்றரையாகவும் வளரும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த முறை அந்நியமல்ல. 1914-ல் தொடங்கிய போட் மெயில் வழியில் இலங்கைக்குப் போனவர்களை மண்டபத்தில் இறக்கி, முகாமில் வைத்துச் சோதித்துத்தான் மேலே அனுப்பினார்கள். 'மண்டபம் கேம்ப்' என்று நிலையத்தின் பெயரிலேயே அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனுஷ்கோடியில் எப்படியும் இறங்கிக் கப்பல் ஏற வேண்டியிருந்ததால் அங்கே நடுவழிச் சோதனைக்கு ஒரு நியாயமாவது இருந்தது. நேராக ஓடும் வண்டியில் அது இல்லை.

2017-ல் செய்த மாற்றம்

2017 நவம்பர் 9-ல் இரு நாட்டுப் பிரதமர்களும் காணொளி வழியே கொல்கத்தா நிலையத்தின் சர்வதேசப் பயணிகள் முனையத்தைத் திறந்துவைத்தார்கள். கொல்கத்தா–குல்னா பந்தன் எக்ஸ்பிரஸுக்கும் அன்றுதான் கொடியசைப்பு. அதிலிருந்து மைத்ரி பயணிக்குக் கொல்கத்தாவிலேயே இந்திய முத்திரை, டாக்கா கன்டோன்மென்டிலேயே வங்கதேச முத்திரை. திரும்பும்போது அதன் எதிர்மாறு. நடுவில் யாரும் இறங்குவதில்லை.

விமான நிலையத்தில் நடப்பதுதான் இது. ஆனால் ரயிலில் செய்வது கடினம். விமானத்தின் கதவு நடுவானில் திறக்காது. ரயிலின் கதவோ எந்த சிக்னலிலும் திறக்கும். முத்திரை குத்திய பயணி சட்டப்படி நாட்டை விட்டுப் போனவர். உண்மையில் அவர் இன்னும் 120 கிலோமீட்டர் இந்தியாவுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கிறார். அவர் ராணாகாட்டில் இறங்கிவிட்டாலோ, அங்கே ஒருவர் மூட்டையோடு ஏறிவிட்டாலோ முத்திரைக்கு அர்த்தமில்லை. அதனால் முறை மாறியதோடு இன்னும் சில நிபந்தனைகளும் ஒட்டிக்கொண்டு வந்தன:

– முனையில் தனிப் பிளாட்பாரம், சுற்றிலும் வேலி. உள்ளே வர ஒரே வாசல்.
– பயணிகள் ஏறியதும் கதவுகள் பூட்டு. வழி முழுக்கக் காவலர் துணை.
– நடுவே வண்டி நின்றாலும் அது இயக்கத்துக்கான நிறுத்தம் மட்டுமே. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.
– உணவு, தண்ணீர், துணி எல்லாம் முனையிலேயே ஏற்றியாக வேண்டும். வழியில் விற்பனையாளர் கிடையாது.

மிச்சமான 3 மணி முழுவதும் பயணியின் கைக்கு வந்துவிட்டதா என்றால், இல்லை. அவர் இப்போது வண்டி புறப்படுவதற்கு வெகு முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு வரிசை இருக்கிறது. காத்திருப்பு மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆனாலும் ஆதாயம் மெய்தான். முன்பு வரிசை முடிய வண்டி காத்திருந்தது. இப்போது வண்டி துப்புரவாகிக் கொண்டிருக்கும்போதே வரிசை நகர்கிறது. டாக்காவில் முதலில் முத்திரை வாங்கியவர் பின்னால் வருபவருக்காக நிற்க வேண்டியதில்லை, நேரே ஆட்டோ பிடிக்கலாம். தாமதமாக வந்த பயணியின் சுமை அவர் தலையோடு போயிற்று.

நட்டம் யாருக்கு?

நடுவழி ஊர்க்காரர்களுக்கு. சுவாடாங்காவோ ஈஸ்வர்தியோ போக வேண்டியவர் தம் ஊரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே டாக்கா போய், அங்கிருந்து வேறு வண்டியில் திரும்பி வர வேண்டும். இதற்குப் பதில், சியால்தாவிலிருந்து கெதே லோக்கல் பிடித்து, எல்லையில் இறங்கிக் கடந்து, தர்ஷனாவிலிருந்து பேருந்தோ ரயிலோ பிடிப்பதே அவருக்கு லாபம். முனைகளுக்கு மட்டும் ஓடும் வண்டி பெருநகரத்துக்கான வண்டியாகிவிடுகிறது. பந்தன் எக்ஸ்பிரஸில் 2019-ல் ஜெசூருக்கு ஒரு நிறுத்தம் கொடுத்தார்கள். அப்படி ஒரு நிறுத்தம் சேர்ப்பது என்றால் ஒரு பலகை மாட்டுவதல்ல. வேலி, காவல், கணக்கு எல்லாவற்றையும் அங்கேயும் வைக்க வேண்டும்.

இன்னொரு தலைவலி, நுழைவு மறுக்கப்படும் பயணி. எல்லையிலேயே சோதனை இருந்தபோது மறுக்கப்பட்டவர் சில கிலோமீட்டர் திரும்பினால் போதும். இப்போது அவர் மறுநாட்டின் தலைநகர் வரை வந்துவிட்ட பிறகுதான் சிக்கல் தெரியும். அடுத்த வண்டி மறுநாளும் இருக்கலாம், அதற்கு மறுநாளும் இருக்கலாம். அதனால்தான் சல்லடையை டிக்கெட் கவுன்ட்டரிலேயே வைத்திருக்கிறார்கள்.

டிக்கெட் எடுப்பதில் தவறுவது எங்கே?

இந்த வண்டிக்கு இந்தியப் பக்கம் வழக்கமான இணைய முன்பதிவு இருக்கவில்லை. கொல்கத்தாவில் ஃபேர்லி பிளேஸ் முன்பதிவு அலுவலகம், கொல்கத்தா நிலையம் ஆகிய இடங்களில் நேரில் போய், அசல் பாஸ்போர்ட்டையும் செல்லுபடியாகும் விசாவையும் காட்டி எடுக்க வேண்டியிருந்தது. நகல் போதாது. பலர் சறுக்கிய இடம் விசாவில் அச்சாகியிருக்கும் நுழைவு வழி. விமானம், சாலை, ரயில் என ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குறிக்கப்படும். சாலை வழியாக ஹரிதாஸ்பூர் என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்துக் கெதே ரயில் வழியில் போக முடியாது. விசா இருக்கிறது, நாள் இருக்கிறது, இடமும் இருக்கிறது, ஆனால் வழி இல்லை. விண்ணப்பிக்கும்போதே ரயில் வழியைக் கேட்டு வாங்குவதைத் தவிர இதற்கு மருந்தில்லை.

சாமான் வரம்பு பெரியவருக்கு 35 கிலோ, குழந்தைக்கு 20 கிலோ. அதற்குமேல் கிலோவுக்கு இவ்வளவு என்று டாலர் கணக்கில் கட்டணம். சந்தைக்குப் போகும் நினைப்பில் வருபவர்களுக்கு இது கசக்கும். வண்டி வியாபாரிகளின் சுமைவண்டியாகாமல் இருக்கவே இந்த வரம்பு.

கால அட்டவணை படிப்பவர்கள் தவறுகிற இடம் கடிகாரம். வங்கதேச நேரம் இந்திய நேரத்துக்கு 30 நிமிடம் முன்னே இருக்கிறது. காலை 7-க்குக் கிளம்பி மாலை 4-க்குப் போய்ச் சேர்கிறது என்று போட்டிருந்தால் பயணம் 9 மணி அல்ல, எட்டரை மணி. திரும்பும்போது இதே தவறு தலைகீழாக வரும். கொல்கத்தாவில் இறங்கி வேறு வண்டி பிடிப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. வேலூருக்கும் சென்னைக்கும் சிகிச்சைக்குப் போகும் வங்கதேசக் குடும்பங்கள் பலர் இந்த வண்டியில் வந்தார்கள். காட்பாடி வழி போகும் வண்டிகளோ ஆற்றுக்கு மறுகரையிலிருந்து கிளம்புகின்றன. மாலை நெரிசலில் சித்பூரிலிருந்து ஹவுரா போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தே அடுத்த டிக்கெட்டைப் போட வேண்டும்.

வண்டியும் என்ஜினும்

ரேக் (ஒன்றாகக் கோத்து ஓடும் பெட்டித் தொடர்) பத்துப் பெட்டி: நாலு ஏ.சி. சேர் கார், நாலு ஏ.சி. முதல் வகுப்பு, இரண்டு பவர் கார். சேர் காரில் பெட்டிக்கு 78 என 312 இருக்கை. பகல் வண்டி என்பதால் முதல் வகுப்பிலும் உட்கார்ந்தே பயணம், அதில் 144. ஆக மொத்தம் 456.

பத்தில் இரண்டு பெட்டியில் ஏன் ஆளே ஏறுவதில்லை என்று கேட்கலாம். கெதே வரை மேலே மின்கம்பி இருக்கிறது. தர்ஷனாவிலிருந்து டாக்கா வரை கிடையாது, அங்கே டீசல்தான். எனவே என்ஜினிலிருந்து மின்சாரம் எடுத்து ஏ.சி. ஓட்டும் புதிய முறை இங்கே வழி முழுதும் உதவாது. எல்.எச்.பி. (ஜெர்மன் வடிவமைப்பில் வந்த புதிய வகைப் பெட்டி) ரேக்கின் இரு முனையிலும் உள்ள பவர் கார்களின் டீசல் ஜெனரேட்டர்கள் 750 வோல்ட் மும்முனை மின்சாரம் தயாரித்து எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்புகின்றன. எல்லையில் என்ஜின் மாறும்போதும் விளக்கும் குளிரும் அணையாமலிருக்க இது ஒரு வசதியும்கூட.

என்ஜின் மாற்றத்தை ஒழிக்கலாமே என்று தோன்றும். அதைவிட முக்கியம் ஓட்டுபவர். லோகோ பைலட்டுக்குப் பாதை தெரிந்திருக்க வேண்டும்: எந்த வளைவில் எந்த வேகம், எந்த சிக்னல் எங்கே மறைகிறது, இரு நாட்டு விதிப்புத்தகங்களும் எங்கே வேறுபடுகின்றன. அதனால் குழு எல்லையில் மாறுகிறது, என்ஜினும் கூடவே. கழற்றி, மாட்டி, பிரேக் குழாயில் காற்றழுத்தம் ஏறுகிறதா, கடைசிப் பெட்டி வரை பிரேக் பிடித்து விடுகிறதா என்று சோதித்து, கார்டு ஒப்புதல் தந்த பிறகே நகரும். எல்லா வேலையும் பொருந்தி நடந்தால் சின்ன நிறுத்தம். மறுபக்க என்ஜின் வராவிட்டால் பூட்டிய பெட்டிகளில் நானூற்றுச் சொச்சம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். கெதேக்கும் தர்ஷனாவுக்கும் நடுவிலுள்ள துண்டு இரண்டு ரயில்வேக்களுக்கும் பொது. அங்கே லைன் கிளியர் (பாதை காலி, வண்டியை அனுப்பலாம் என்ற ஒப்புதல்) கேட்பவர் ஒரு நாட்டு ஸ்டேஷன் மாஸ்டர், கொடுப்பவர் இன்னொரு நாட்டவர். இருவருக்கும் தாய்மொழி ஒன்றாயிருப்பது எந்தத் திட்ட அறிக்கையிலும் வராத பெரிய சொத்து.

ஜமுனா என்ற கழுத்து

வங்கதேசத்தை ஜமுனா (பிரம்மபுத்திராவுக்கு அங்கே வழங்கும் பெயர்) இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே பெரும்பாலும் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை. கிழக்கே, டாக்காவும் சேர்த்து, 1000 மில்லிமீட்டர் மீட்டர்கேஜ். 1998-ல் ஜமுனா மேல் சாலையும் ரயிலும் சேர்ந்த 4.8 கிலோமீட்டர் பாலம் திறந்தது. பாலத்திலிருந்து ஜோய்தேப்பூர் வழியே டாக்கா வரை மூன்றாவது தண்டவாளம் போட்டு இருகேஜ் பாதையாக்கினார்கள். இது இல்லாமல் மைத்ரியே இல்லை.

மூன்று தண்டவாளத்தில் ஒன்று பொது. மற்ற இரண்டில் ஒன்று மீட்டர்கேஜுக்கு, ஒன்று அகலப்பாதைக்கு. வித்தியாசம் 676 மில்லிமீட்டர் என்பதால் இடையில் தாராளமாக இடம் இருக்கிறது. ஐரோப்பியப் பாதையும் ரஷ்யப் பாதையும் சந்திக்கும் எல்லைகளில் வித்தியாசம் 85 மில்லிமீட்டர்தான். நடுவே இன்னொரு தண்டவாளம் நுழையாது, அங்கே பெட்டியைத் தூக்கிச் சக்கரத் தொகுதியையே மாற்றுகிறார்கள். வங்கதேசம் அந்த வகையில் பாக்கியசாலி. ஆனால் இருகேஜில் இரு வகைப் பெட்டிகளின் நடுக்கோடும் 338 மில்லிமீட்டர் விலகி நிற்கும். பிளாட்பார இடைவெளி ஒன்றுக்குச் சரியாக இருந்தால் மற்றதற்குச் சரியாக வராது. கிளைபிரியும் இடங்களிலும் வெட்டுகள் கூடும்; பராமரிப்பும் கூடும்.

ஜமுனா பாலத்தில் விரிசல் தெரிந்த பிறகு ரயில்களுக்கு மணிக்கு 20 கிலோமீட்டர்தான் அனுமதித்தார்கள். பாலத்தைக் கடக்க மட்டும் கால்மணி. அதுவும் ஒற்றைப் பாதை. எதிரே ஒரு வண்டி ஏறிவிட்டால் இந்தப் பக்கம் நின்றே ஆகவேண்டியிருந்தது. இதற்கு முற்றுப்புள்ளி வைக்க, பக்கத்திலேயே இரட்டை இருகேஜ் பாதையோடு ரயிலுக்கென்று தனிப் பாலம் கட்டி 2025 மார்ச் 18-ல் திறந்துவைத்தார்கள். அதற்குள் மைத்ரி நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஒப்பிட்டால், பத்மா மேலுள்ள ஹார்டிஞ்ச் பாலம் 1915-ல் திறந்தது, அன்றே இரட்டை அகலப்பாதை. 1971 போரில் ஒரு கண் சேதமாகி, அடுத்த ஆண்டே சீராகி, இன்றும் வண்டி தாங்குகிறது.

வண்டி நின்றது

கோவிட் காரணமாக 2020 மார்ச்சில் நின்ற மைத்ரி, 2022 மே 29-ல் திரும்பியது. மூன்று நாள் கழித்து, ஜூன் 1-ல் ஹல்திபாரி–சிலாஹாட்டி வழியே நியூ ஜல்பைகுரி–டாக்கா மிதாலி எக்ஸ்பிரஸும் சேர்ந்துகொண்டது. அதுவும் 1965-ல் அறுந்த இணைப்புதான். 2024 ஜூலையில் வங்கதேசத்தில் மாணவர் போராட்டம் வலுத்தபோது மூன்று வண்டிகளும் நின்றன.

இப்படி நிற்கும்போது ரேக் எந்தப் பக்கம் மாட்டுகிறது என்பது நடைமுறையில் பெரிய கேள்வி. இந்திய–பாகிஸ்தான் சம்ஜௌதா எக்ஸ்பிரஸில் ஆறு மாதம் இந்திய ரேக், ஆறு மாதம் பாகிஸ்தான் ரேக் என்று முறை வைத்திருந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8-ல் பாகிஸ்தான் தன் குழுவை வாகாவோடு நிறுத்திக்கொண்டது. பயணிகளோடு நின்ற வண்டியை அழைத்துவர இந்தியா தன் என்ஜினையும் குழுவையும் அனுப்ப நேர்ந்தது. ஆகவே, நிறுத்த நேர்ந்தால் யார் எங்கே வரை வண்டியை இழுத்துக் கொடுப்பது, காலி ரேக் எத்தனை நாளில் திரும்ப வேண்டும், விற்ற டிக்கெட்டுக்கு எந்தக் கவுன்ட்டர் பணம் தரும் என்பதெல்லாம் தொடங்கும் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டியவை.

எந்த வழியே மீண்டும்?

இதற்குள் இன்னொரு பாதை உருவாகிவிட்டது. 2024 டிசம்பரில் பத்மா பாலம் வழியே டாக்கா–ஜெசூர் ரயில் பாதை முழுதாக ஓடத் தொடங்கியது. பெட்ராபோல்–பேனாபோல் வழியே ஜெசூர், அங்கிருந்து நேரே டாக்கா என்றால் தூரம் 300 கிலோமீட்டருக்குள் அடங்கும். ஜமுனாவைக் கடக்கவே வேண்டாம்.

சோதனை இன்னும் கெதேயிலும் தர்ஷனாவிலும் இருந்திருந்தால் இந்த மாற்றத்துக்குப் பேனாபோலில் புதிய மண்டபங்கள் கட்ட வேண்டியிருக்கும். சோதனை முனைகளுக்குப் போய்விட்டதால் நடுப்பாதை எதுவாயிருந்தாலும் கொல்கத்தா முனையத்துக்குக் கவலையில்லை. விசாவில் 'கெதே' என்றிருப்பதைத் திருத்த வேண்டும். பூட்டிய வண்டிக்குப் புதுவழியில் காவல் ஏற்பாடு வேண்டும். டாக்காவில்தான் ஒரு முடிச்சு. பத்மா பாதை நகரத்துக்குள் தெற்கிலிருந்து கமலாப்பூருக்கு வருகிறது; சோதனை மண்டபமோ வடக்கே கன்டோன்மென்டில் இருக்கிறது. ஆக, பூட்டிய வண்டி நகரின் பெரிய நிலையத்தை நிற்காமல் கடந்து, நெரிசலான பாதையில் வடக்கே போக வேண்டும், அல்லது கமலாப்பூரில் இன்னொரு வேலி போட்ட பிளாட்பாரம் கட்ட வேண்டும்.